பெயரும் பந்தியும் மொழியும்: ஊர்ப்புற மாணவர் கல்லூரி கண்ட வரலாறு

தானியேல் நூலின் முதல் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் விசுவாச உறுதிக்கு எடுத்துக்காட்டாகவே பிரசங்கித்து வருகிறோம். அதனை ஒரு மாணவர் வரலாறாகவும் படிக்கலாம். தங்கள் ஊரை விட்டுப் பெயர்க்கப்பட்ட இளைஞர் நால்வர் ஒரு பேரரசின் கல்விக்கூடத்தில் சேர்க்கப்படுகின்றனர். கல்தேயரின் எழுத்தையும் மொழியையும் மூன்று ஆண்டுகள் கற்கும்படி கட்டளை பிறக்கிறது. அவர்களுடைய பெயர்கள் மாற்றப்படுகின்றன. உணவும் அரண்மனையிலிருந்து வருகிறது. ஆகப் பெயர், பந்தி, மொழி என்னும் மூன்று வாயில்களில் அவர்கள் சோதிக்கப்படுகின்றனர். கற்று முடித்த பின் அவர்கள் அரசவையில் நிற்கின்றனர். சொந்த ஊருக்குத் திரும்பினார்கள் என்று அந்நூல் எங்கும் கூறவில்லை.

தமிழ் மண்ணில் கிராமத்திலிருந்து கல்லூரிக்குச் சென்ற மாணவரின் வரலாறும் இம்மூன்று வாயில்களின் வழியாகவே சென்றிருக்கிறது. திருச்சபை வரலாற்றாசிரியர்கள் கல்லூரிகளைப் பற்றி எழுதும்போது நிறுவியவர், கட்டடம், நன்கொடை, பாடத்திட்டம் ஆகியவற்றை விரிவாக எழுதினர். அங்கு வந்து தங்கிய மாணவன் எதை விட்டு வந்தான், எதைப் பெற்றான், பெற்றதை எங்கே கொண்டு சென்றான் என்னும் கேள்விகள் பெரிதும் எழுப்பப்படவில்லை. அமெரிக்க மிஷன் சங்கம் யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் நடத்திய கல்வி நிறுவனங்களைக் களமாகக் கொண்டு அக்கேள்விகளை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்விரு களங்களையும் சேர்த்துக் காண்பதற்குக் காரணம் உண்டு. மதுரை மிஷன் 1834ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்தே தொடங்கப்பெற்றது. முதலில் வந்த மிஷனரிகளோடு யாழ்ப்பாண மிஷன் பள்ளிகளில் பயின்ற தமிழ் இளைஞர்களும் உதவியாளராக வந்தனர். ஆகவே பசுமலையின் வேர் வட்டுக்கோட்டையில் இருக்கிறது.

1. வட்டுக்கோட்டை

அமெரிக்க மிஷனரிகள் 1816ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தங்கள் பணியைத் தொடங்கினர். ஊர்தோறும் சிறு பள்ளிகளை ஏற்படுத்தினர். திண்ணையில் மணலில் எழுதியும் ஓலையில் வாசித்தும் பழகிய பிள்ளைகள் அப்பள்ளிகளுக்கு வந்தனர். அவர்களுள் தேர்ந்தவர்களுக்கு உயர்கல்வி அளிப்பதற்காக 1823ஆம் ஆண்டு வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கப்பெற்றது. தானியேல் பூர் ஐயர் அதன் முதல் தலைவர். அதனைக் கல்லூரியாகவே அமைக்க மிஷன் விரும்பிற்று. எனினும் அமெரிக்கர் நடத்தும் நிறுவனத்திற்குக் கல்லூரிக்குரிய உரிமைப் பட்டயம் அளிக்கப் பிரித்தானிய ஆட்சி இசையவில்லை. செமினரி என்னும் பெயர் நிலைத்தது அதனால்தான்.

அங்கு ஆங்கிலமும் தமிழ் இலக்கண இலக்கியமும் வடமொழியும் கணிதமும் வானியலும் தருக்கமும் கற்பிக்கப்பட்டன. ஐரோப்பியக் கணிதத்தையும் நம் பஞ்சாங்கக் கணிப்பையும் ஒப்பிட்டு ஆராயும் பழக்கம் மாணவரிடையே வளர்ந்தது. பூர் ஐயருக்குப் பின்னர் 1836 முதல் 1849 வரை தலைமை வகித்த ஹொய்சிங்டன் ஐயர் சைவ சித்தாந்த நூல்களையே கற்று மொழிபெயர்க்கும் அளவிற்குத் தமிழில் தோய்ந்தவர். இலங்கை அரசின் உயர் அலுவலராயிருந்த எமர்சன் டெனன்ட் 1850ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில், இச்செமினரியை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டுப் பாராட்டினார். பனந்தோப்புகளுக்கும் தோட்ட நிலங்களுக்கும் நடுவே, தலைநகரிலிருந்து நெடுந்தொலைவில், ஊர்ப் பிள்ளைகளைக் கொண்டே இத்தகைய கல்விக்கூடம் உருவானது நம் வரலாற்றில் அரிய நிகழ்ச்சியாகும்.

இதன் கனியையும் நாம் அறிவோம். சிறுப்பிட்டி என்னும் ஊரிலே 1832ஆம் ஆண்டு பிறந்த தாமோதரம்பிள்ளை அங்கு கற்றவர். அவரும், அங்கேயே பயின்ற கறல் விசுவநாதபிள்ளையும் 1857ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய முதல் பி.ஏ. தேர்வில் தேறினர். அப்பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்து மாணவரே. பின்னாளில் தாமோதரம்பிள்ளை வீரசோழியம், கலித்தொகை, சூளாமணி முதலிய பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சேற்றித் தமிழுலகத்தை என்றென்றும் கடனாளியாக்கினார். மிஷன் பணியாளரின் மகனாகிய அவர் பின்னர் சைவராகவே வாழ்ந்தார் என்பதையும் மறைக்காமல் கூறுவது வரலாற்று நேர்மை. செமினரி கற்பித்தது ஒன்று; மாணவர் அதைக் கொண்டு ஆக்கியது வேறொன்று. மாணவன் வெறும் கலம் அல்லன். ஊற்றியதை மட்டும் திருப்பித் தருபவன் அல்லன்.

2. பெயர் என்னும் வாயில்

செமினரியின் மாணவர் பட்டியலில் காணும் பெயர்கள் நம்மை வியப்பில் ஆழ்த்தும். 1841ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற உதயதாரகை என்னும் இதழின் முதல் ஆசிரியர்களாயிருந்த இரு தமிழரின் பெயர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்பன. கறல், நெவின்ஸ், ஆர்னல்ட் என்பனவும் தமிழ்ப் புலவர்களின் பெயர்களோடு ஒட்டியே நமக்குக் கிடைத்துள்ளன. உணவும் உடையும் கல்வியும் இலவசமாகத் தரப்பட்ட அக்காலத்தில், ஒரு மாணவனின் செலவை ஏற்ற அமெரிக்க நண்பரோ சபையோ அவனுக்குச் சூட்டும் பெயரையும் குறித்து அனுப்புவது வழக்கம். தமக்கு அன்பானவர், தம் ஊர்ப் போதகர், மறைந்த மிஷனரி ஆகியோரின் பெயர்கள் இவ்வாறு யாழ்ப்பாணத்துச் சிறுவர்மேல் ஏறின.

கொடுத்தவர் தீங்கு நினைத்தார் என்று கூறுவதற்கில்லை. கடல் கடந்து, முகமறியாத ஒரு பிள்ளைக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்து அனுப்பியவர்களின் அன்பு மெய்யானது. ஆயினும் உதவியைப் பெறுகிறவன் தன் பெயரைக் கொடுத்தே அதைப் பெற வேண்டியிருந்தது என்பதும் மெய்யே. தானியேலுக்குப் பெல்தெஷாத்சார் என்று பெயரிட்டவனும் கொடியவன் அல்லன். அவனிடத்தில் தானியேலுக்குத் தயவு கிடைத்தது என்றே மறைநூல் சொல்லுகிறது. தயவு உள்ளவரே பெயரை மாற்றிவிடக் கூடும் என்பதுதான் இங்கு நாம் கற்க வேண்டியது.

மாணவர்கள் இதற்குக் கண்ட விடை அழகானது. அவர்களுள் பலர் புதுப் பெயரை எறிந்துவிடவில்லை. பழைய பெயரையும் விட்டுவிடவில்லை. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டனர். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை தருக்க நூலைத் தமிழில் எழுதினார். கறல் விசுவநாதபிள்ளை வீசகணிதத்தைத் தமிழில் தந்தார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886ஆம் ஆண்டு பாவலர் சரித்திர தீபகம் என்னும் நூலில் தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தொகுத்தார். அவர்களுடைய இரட்டைப் பெயர்கள் இரண்டு உலகங்களுக்கு இடையே அவர்கள் கட்டிய பாலத்திற்குச் சான்றாகும்.

3. பந்தி என்னும் வாயில்

மிஷனரிகள் முதன்முதல் விடுதிப் பள்ளியைத் தொடங்கியபோது மிகப் பெரிய தடையாயிருந்தது உணவே. தங்கள் பிள்ளைகள் மிஷன் வளவுக்குள் சமைத்த உணவை உண்பதற்குப் பெற்றோர் இசையவில்லை. ஆகவே வெளியே சமைத்து உண்ணும் ஏற்பாடுகளோடுதான் விடுதி வாழ்வு தொடங்கிற்று. இத்தடை காலப்போக்கில் தளர்ந்தது. எனினும் செமினரியில் பயின்றவருள் பெரும்பாலோர் வேளாளர் குலத்தினராகவே இருந்தனர். ஊரின் விளிம்பில் வாழ்ந்த மக்களின் பிள்ளைகளுக்கு அக்கதவு நெடுங்காலம் திறக்கவில்லை. கிராமத்து மாணவன் என்று நாம் பொதுவாகக் கூறும்போது, கிராமத்தின் எந்தத் தெருவைச் சேர்ந்தவன் என்று கேட்கத் தவறினால் பாதி வரலாறு மறைந்துபோகும்.

இங்கே தானியேலின் மறுப்பையும் இப்பெற்றோரின் மறுப்பையும் ஒன்றாகக் கருதலாகாது. தானியேல் அரசனுடைய போஜனத்தை மறுத்தது ஆண்டவருக்கு முன்பாகத் தன்னைக் காத்துக்கொள்ள. சாதியின் பொருட்டு எழுந்த மறுப்போ சக மனிதனிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள எழுந்தது. முன்னது பேரரசுக்கு எதிரான எளியவனின் உறுதி. பின்னது எளியவனுக்கு எதிரான வலியவனின் வேலி.

மதுரையில் இப்பிரச்சினை வேறு வகையில் வெடித்தது. திருமங்கலத்தில் 1842ஆம் ஆண்டு தொடங்கி 1845ஆம் ஆண்டு பசுமலைக்கு மாற்றப்பெற்ற செமினரியில், வில்லியம் டிரேசி ஐயரின் தலைமையில், ஊர்ச் சபைகளிலிருந்து வந்த இளைஞர்கள் பயின்றனர். 1847ஆம் ஆண்டு மிஷன் ஒரு திட்டமான முடிவெடுத்தது. மிஷன் பணியாளர் அனைவரும் சாதியைத் துறந்ததற்கு அடையாளமாக ஒன்றாக அமர்ந்து உண்ண வேண்டும் என்பதே அது. பணியாளருள் பலர் இணங்கவில்லை; பணியிலிருந்து விலகினர், அல்லது விலக்கப்பட்டனர். பசுமலை மாணவருள்ளும் பலர் வெளியேறினர். கொள்கையளவில் அம்முடிவு சரியானதே என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். பதினாறு, பதினெட்டு வயது மாணவன் ஒருவன் அன்று தன் வீட்டுக்கும் கல்விக்கும் நடுவே தனியாக நிறுத்தப்பட்டான். ஊரில் அவனுடைய பெற்றோரோடும் சபையோடும் அந்த உரையாடல் முன்னமே நடந்திருந்ததா? சபை ஊரில் முடிக்காத வேலையை விடுதியின் சாப்பாட்டுக் கூடம் ஒரே நாளில் முடித்துவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

எனினும் காலம் கனிந்தது. அது கனிந்த விதத்தைக் கவனித்தல் வேண்டும். 1924ஆம் ஆண்டு யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் தோன்றிற்று. அதன் முன்னணியில் நின்ற ஹன்டி பேரின்பநாயகம் மானிப்பாய்ப் பகுதியினர். யாழ்ப்பாணக் கல்லூரியில் கற்றவர், பின்னர் அங்கேயே ஆசிரியராயிருந்தவர். இவ்வியக்கம் 1927ஆம் ஆண்டு காந்தியடிகளை யாழ்ப்பாணத்திற்கு வரவழைத்தது. தீண்டாமை ஒழிப்பு, பள்ளிகளில் உடனமர்தல், ஒரே பந்தியில் உடனுண்ணல் ஆகியவற்றை அது வற்புறுத்திற்று. மிஷன் சமையலறையை ஏற்காத ஊர்களிலிருந்தே, நூறு ஆண்டுகளுக்குப் பின், சமபந்தியைக் கேட்கும் இளைஞர்கள் எழுந்தனர். மேலிருந்து வந்த கட்டளை செய்ய முடியாததை மாணவரின் சொந்த மனச்சாட்சி செய்யத் தொடங்கிற்று.

4. மொழி என்னும் வாயில்

1855ஆம் ஆண்டு அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் தலைமையில் ஒரு தூதுக்குழு இந்தியாவிற்கும் இலங்கைக்கும் வந்தது. உள்ளூர்ச் சபைகள் தம்மைத் தாமே ஆளவும் தாங்கவும் பெருக்கவும் வேண்டும் என்னும் கொள்கையை உருவாக்கியவர் அவர். அக்கொள்கையை இன்றும் நாம் வகுப்பறையில் கற்பிக்கிறோம். அவருடைய முடிவு யாது? ஆங்கிலக் கல்வி கிராமத்து இளைஞனை அவன் மக்களிடமிருந்து பிரித்துவிடுகிறது. அவன் அரசாங்க உத்தியோகத்தை நாடுகிறான். ஊழியத்திற்கு வருவோர் சிலரே. ஆகவே மிஷன் தாய்மொழிக் கல்வியோடு நிற்க வேண்டும். இதன் விளைவாக வட்டுக்கோட்டை செமினரி அவ்வாண்டே மூடப்பட்டது. பசுமலையிலும் ஆங்கிலம் நீக்கப்பட்டு, சபைப் பணியாளரைத் தமிழில் பயிற்றும் நிறுவனமாக அது சுருக்கப்பட்டது.

இம்முடிவை இரு வகையாகவும் பார்க்க இடமுண்டு. ஆண்டர்சன் கண்ட நோய் பொய்யன்று. கற்றவன் ஊரை விட்டுச் சென்றான். கொழும்பிலும் சென்னையிலும் அலுவலகங்களில் அமர்ந்தான். ஆனால் அவர் தந்த மருந்து யாருடைய நன்மைக்கானது? ஊர்ப் பிள்ளைக்கு உபதேசியார் வேலைக்கு வேண்டிய அளவு கல்வி போதும் என்று தீர்மானித்தது அந்தப் பிள்ளையும் அல்லன், அவன் பெற்றோரும் அல்லர். ஊரின்மேல் கொண்ட அன்பின் பெயரால் ஊர்ப் பிள்ளையின் கதவு அடைக்கப்பட்டது. தமிழ் மொழி அடையாளமாகப் போற்றப்பட்ட அதே வேளையில், வேலியாகவும் ஆக்கப்பட்டது.

யாழ்ப்பாணத்து முன்னாள் மாணவர்கள் இதற்குச் செயலால் விடை கூறினர். செமினரி மூடப்பட்ட பின்னும் ஆங்கிலப் பள்ளியை அவர்கள் தாமே முயன்று நடத்தினர். உயர்கல்விக்கூடம் மீண்டும் வேண்டும் என்று வேண்டினர், பணம் திரட்டினர். அதன் பயனாக 1872ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கல்லூரி வட்டுக்கோட்டையிலே திறக்கப்பெற்றது. ஈ. பி. ஹேஸ்டிங்ஸ் ஐயர் முதல்வரானார். மிஷன் ஒன்றே ஆளும் நிறுவனமாக அமையாமல், உள்ளூர்த் தலைவர்களும் பங்கேற்ற ஒரு குழுவின் பொறுப்பில் அது இயங்கிற்று. தம்மைத் தாமே தாங்குதல் என்று ஆண்டர்சன் போதித்ததை, அவர் மூடிய பள்ளியின் மாணவரே அவருக்கு முன்பாகச் செய்து காட்டினர் எனலாம்.

மதுரையிலும் நிலை மாறிற்று. கிறிஸ்தவப் பிள்ளைகள் ஆங்கிலம் நாடி வேறு பள்ளிகளுக்குச் செல்வதைக் கண்ட மிஷன், பசுமலையில் ஆங்கிலத்தை மீண்டும் கொண்டு வந்தது. ஜார்ஜ் வாஷ்பர்ன் ஐயரின் காலத்தில், 1881ஆம் ஆண்டு, அது இரண்டாந்தரக் கல்லூரியாக உயர்ந்தது. சம்புரோ ஐயரின் தலைமையில் 1904ஆம் ஆண்டு கல்லூரி மதுரை நகருக்கு மாற்றப்பெற்று அமெரிக்கன் கல்லூரி எனப் பெயர் பெற்றது. மேலூர், மானாமதுரை, மண்டபசாலை, வத்தலக்குண்டு முதலிய வட்டாரங்களின் விடுதிப் பள்ளிகளில் தேறிய பிள்ளைகளுக்கு அது உயர்கல்வியின் வாயிலாயிற்று. பெண்பிள்ளைகளோ இன்னும் காத்திருக்க நேர்ந்தது. உடுவிலில் 1824ஆம் ஆண்டே பெண்களுக்கான விடுதிப் பள்ளி தொடங்கிவிட்டது. ஆயினும் மதுரையில் மகளிர்க்கான டோக் பெருமாட்டி கல்லூரி 1948ஆம் ஆண்டுதான் கேத்தி வில்காக்ஸ் அம்மையாரால் நிறுவப்பெற்றது. மதுரை மிஷனில் ஆண்களுக்கான கல்லூரி தொடங்கி 67 ஆண்டுகள் சென்றன. சென்னையில் 1915ஆம் ஆண்டு தோன்றிய மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி இடைக்காலத்தில் சிலருக்கு வழியாயிருந்தது. அதற்கும் ஊரிலிருந்து நெடும்பயணம் வேண்டும்.

மொழியைப் பற்றிய மூன்றாவது வழி ஒன்றும் நம் வரலாற்றில் உண்டு. 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மாணவருக்கு மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1860களில் தமிழுக்கு மாறினார். ஆங்கிலத்தில் கற்ற மருத்துவன் நகரத்தையும் அரசாங்கத்தையும் நாடுவான். தமிழில் கற்றவன் ஊரில் தங்கி ஊராருக்குப் புரியும் மொழியில் பணி செய்வான் என்பது அவருடைய எண்ணம். இம்மட்டில் அவர் ஆண்டர்சனைப் போன்றவரே. ஆனால் வேறுபாடு பெரிது. தமிழ் மாணவனுக்கு அவர் குறைந்த கல்வியைத் தரவில்லை. வட்டுக்கோட்டையில் பயின்ற தமிழரின் துணையோடு, இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம் முதலிய பெருநூல்களைத் தமிழில் ஆக்கினார்; கலைச்சொற்களை உருவாக்கினார். மொழியைத் தாழ்த்தாமலும் கல்வியைக் குறைக்காமலும் அறிவையே தமிழுக்குக் கொண்டு வந்தார். கிராமத்து மாணவனின் மொழியைக் காப்பது என்றால் இதுவே பொருள். நூல் எழுதாமல் மொழிப்பற்றுப் பேசுவது அவனை ஏமாற்றுவதாகும்.

5. திரும்புதல்

பெயர், பந்தி, மொழி ஆகிய மூன்று வாயில்களையும் கடந்தவனுக்கு இறுதியாக ஒரு கேள்வி எஞ்சும்: திரும்புவதா, இல்லையா? இதற்கு இன்னொரு மிஷன் களத்திலிருந்து ஒரு சான்று காட்டுதல் தகும். திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் 1874ஆம் ஆண்டு பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஊர்ப்புறத்து விடுதிப் பள்ளிகளில் பயின்று, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வரை சென்றார். பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டார். இந்நாளில் கல்லூரி மொழியில் கூறினால் அவர் இடைநின்ற மாணவர்! ஆனால் 1903ஆம் ஆண்டு திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தையும், 1905ஆம் ஆண்டு தேசிய மிஷனரி சங்கத்தையும் தோற்றுவிப்பதில் முன்னின்றார். பின்னர் தோர்ணக்கல் சென்று, தெலுங்கு கற்று, 1912ஆம் ஆண்டு ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அருட்பொழிவு பெற்றார். அவருடைய பேராயத்தின் மக்கள் பெரும்பாலும் கிராமத்துத் தாழ்த்தப்பட்ட மக்களே.

அவர் பிறந்த ஊருக்குத் திரும்பவில்லை. ஆனால் ஊர் என்னும் நிலைக்குத் திரும்பினார். திரும்புதல் என்பது பேருந்து ஏறிச் சொந்த ஊரில் இறங்குவது மட்டுமன்று. கற்றதை எந்த மக்களின் பக்கத்தில் நின்று செலவிடுகிறோம் என்பதே அதன் உள்ளடக்கம் என்று அவர் வாழ்வு கற்பிக்கிறது.

கல்லூரிகள் தாமும் இக்கேள்வியை எதிர்கொண்டன. ஏ. டி. லிண்ட்சே தலைமையில் இந்தியக் கிறிஸ்தவக் கல்லூரிகளை ஆராய்ந்த குழு 1931ஆம் ஆண்டு தன் அறிக்கையை வெளியிட்டது. தேர்வுக்கே பயிற்றும் நிறுவனங்களாகக் கல்லூரிகள் மாறிவிட்டதையும், திருச்சபையின் வாழ்விலிருந்தும் கிராமங்களின் வாழ்விலிருந்தும் அவை விலகி நிற்பதையும் அது சுட்டிக் காட்டியது. ஆராய்ச்சிக்கும் சுற்றுப்புற மக்களுக்கான விரிவுப் பணிக்கும் கல்லூரிகளில் தனித்துறைகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன் பின் பல கல்லூரிகளில் கிராமப் பணிக் கழகங்கள் வளர்ந்தன. இவை பாராட்டத்தக்கவை. எனினும் ஒரு முரண்பாட்டை நாம் காண வேண்டும். கிராமத்தை அறிந்துகொள்ள மாணவர்களை வண்டியேற்றி வெளியே அனுப்பிய அதே கல்லூரியில், கிராமத்திலிருந்து வந்த மாணவன் பின்வரிசையில் வாய் திறவாது அமர்ந்திருந்தான். அவன் அறிந்திருந்த மழையும் மண்ணும் கடனும் கூலியும் எந்தப் பாடத்திலும் அறிவாக எண்ணப்படவில்லை.

6. விடுதலைக்குப் பின்

இந்திய விடுதலைக்குப் பின் கிராமத்து மாணவனுக்கு அரசு புரவலனாயிற்று. தாழ்த்தப்பட்ட மாணவருக்கு உயர்கல்வி உதவித்தொகையும் இடஒதுக்கீடும் கிடைத்தன. ஆனால் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயத்தினர் அல்லாதார் அட்டவணைச் சாதியினர் ஆகார் என்றது. 1956ஆம் ஆண்டு சீக்கியரும் 1990ஆம் ஆண்டு பௌத்தரும் அதற்குள் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர் இன்றளவும் வெளியே நிற்கின்றனர். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பினராகக் கொள்ளப்படுகின்றனர். ஒரே தெருவில், ஒரே குலத்தில், ஒரே வறுமையில் பிறந்த இரு மாணவருள், திருமுழுக்குப் பெற்றவன் அவ்வொதுக்கீட்டை இழக்கிறான். கல்விக்காகப் பெயரைக் கொடுத்த நிலை அன்று. கிறிஸ்தவப் பெயருக்காக இடஒதுக்கீட்டை இழக்கும் நிலை இன்று. சான்றிதழில் ஒரு பெயரும் ஆலயத்தில் ஒரு பெயருமாக வாழும் பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் முன், அவர்களை அந்நிலைக்குத் தள்ளியது எது என்று ஆயர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இலங்கையில் 1970களில் வந்த தரப்படுத்தல் முறை தமிழ் மாணவருக்கு ஆறாத காயத்தை உண்டாக்கிற்று. மொழி அடிப்படையில் மதிப்பெண் வேறுபடுத்தப்பட்டது அநீதியே. அதன் பின் வந்த மாவட்ட ஒதுக்கீடு யாழ்ப்பாண மாணவரின் இடங்களைக் குறைத்தது. அதே ஒதுக்கீடு மன்னார், வவுனியா, மட்டக்களப்பு முதலிய பின்தங்கிய மாவட்டங்களின் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகக் கதவைத் திறந்தது என்பதும் வரலாறே. நம் இனத்துக்குள்ளும் மையமும் விளிம்பும் உண்டு என்பதை அது நினைவூட்டுகிறது.

தமிழ்நாட்டில் அண்மைக் காலத்தில் பல திட்டங்கள் வந்துள்ளன. அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி சேரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022ஆம் ஆண்டிலும், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றன. பேருந்துக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் கையேந்தாமல் படிக்க இவை உதவுகின்றன. ஆயினும் பந்தி என்னும் வாயில் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நாங்குநேரியில், நன்றாகப் படித்தான் என்னும் காரணத்தாலும் சாதியாலும் ஒரு பள்ளி மாணவன் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டான்; தடுக்க வந்த தங்கையும் காயமுற்றாள். கல்வி நிலையங்களில் சாதி வேற்றுமையை அகற்றுதல் குறித்து ஆராய்ந்த நீதிபதி சந்துரு குழு 2024ஆம் ஆண்டு தன் அறிக்கையை அளித்தது. மிஷன் பள்ளிகள் செறிந்த மாவட்டத்தில், இருநூறு ஆண்டுக் கல்விப் பணிக்குப் பின் இது நிகழ்ந்தது என்பதை நாம் எளிதாகக் கடந்து செல்லலாகாது.

7. நம் முன் நிற்கும் பணி

இவ்வரலாற்றிலிருந்து ஆயர்களும் இறையியல் மாணவர்களும் பெறத்தக்கவை எவை?

முதலாவது, பெயர். நம் சேகரத்திலிருந்து கல்லூரி சென்ற பிள்ளைகளின் பட்டியல் ஆயரிடம் உண்டா? சந்தாப் பதிவேட்டில் குடும்பத் தலைவரின் பெயர் உண்டு. நகரத்து விடுதியில் தனித்திருக்கும் பிள்ளையின் பெயர் இல்லை. உதவித்தொகை வழங்கும் சபை, பெற்றவரை மேடையேற்றிப் படம் எடுப்பதும் ஒரு வகையில் பழைய பெயர் சூட்டலே. வாங்குபவனின் தன்மானம் குறையாமல் கொடுக்கக் கற்றுக்கொள்வோமாக.

இரண்டாவது, பந்தி. ஐக்கிய விருந்தை ஆண்டுக்கொரு முறை நடத்தும் சபை, கல்லூரிப் பிள்ளையின் மனத்தில் எதை விதைத்து அனுப்புகிறது? ஊரில் தனிக் கல்லறைத் தோட்டத்தை வைத்துக்கொண்டு, விடுதியில் சமத்துவத்தைப் பிள்ளை தானே கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால், 1847ஆம் ஆண்டின் தவற்றையே நாமும் செய்கிறோம். உரையாடல் ஊரில் தொடங்க வேண்டும்.

மூன்றாவது, மொழி. தமிழ்வழியில் பயின்று வந்த மாணவன் முதலாண்டில் ஆங்கில விரிவுரையைக் கேட்டுத் திகைப்பது அறிவுக் குறைவன்று. நம் இறையியல் கல்லூரிகளிலேயே இத்திகைப்பைக் காணலாம். அவனுக்கு ஆங்கிலத்தையும் பொறுமையாய்க் கற்பிக்க வேண்டும். தமிழில் தரமான நூல்களையும் ஆக்கித் தர வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்வோர், ஆண்டர்சனைப் போல், அவனுக்காக அவனைக் கேளாமல் முடிவெடுக்கின்றனர்.

நான்காவது, திரும்புதல். கற்றவன் ஊரை மறந்தான் என்று பிரசங்க பீடத்திலிருந்து குறை கூறுவது எளிது. திரும்பி வந்தால் அவனுக்கு ஊரில் என்ன இடம் வைத்திருக்கிறோம்? சேகரக் குழுவில் அவன் சொல் எடுபடுமா? கற்ற பெண்ணின் குரலுக்கு அங்கே செவி உண்டா? திரும்ப இடமில்லாதவனைத் திரும்பாதவன் என்று குற்றஞ்சாட்டுதல் முறையன்று.

வட்டுக்கோட்டையின் மாணவர்கள் இரண்டு பெயர்களைச் சுமந்தனர். மூடிய பள்ளியைத் தாங்களே திறந்தனர். அவர்கள் வழிவந்தோர், முன்னோர் மறுத்த பந்தியைக் கேட்டுப் பெற முனைந்தனர். நிறுவனங்கள் தடுமாறிய இடங்களில் மாணவர் நிமிர்ந்து நின்றனர் என்பதே இவ்வரலாற்றின் சாரம். பாபிலோனில் தானியேலின் அறை யெருசலேமுக்கு நேராகப் பலகணி திறந்திருந்தது என்று அந்நூல் பின்னர் கூறுகிறது. நகரத்து விடுதியில் அமர்ந்திருக்கும் நம் ஊர்ப் பிள்ளையும் தன் பலகணியைத் திறந்தே வைத்திருக்கிறான். அதன் வழியே அவன் காணும் ஊர், அவன் நேசிக்கத்தக்க ஊராய் இருக்கும்படி செய்வது சபையின் பொறுப்பு.